மாமனாரின் சல்லடை

என் மாமனார் என்னிடம் நேராகப் பேசுவதற்கு 13 வருடங்கள் ஆயின. 2007இல் கல்யாணம். அதன்பின் எல்லாப் பேச்சும் என் மனைவி வழியாகத்தான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அவரு காபி குடிப்பாரான்னு கேளு" என்பார். "குடிப்பேன் மாமா" என்று நான் சொல்வது அவர் காதில் விழாது. "குடிப்பாராம்ப்பா" என்று மகள் சொன்ன பிறகுதான் காபி வரும்.

என் மேல் அவருக்கு மூன்று குறைகள். மதுரையில் படிக்கப்போன பெண் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை நான். எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு வங்கி குமாஸ்தா. "அடுத்தவன் பணத்தை எண்ணி அடுத்தவன்கிட்டயே குடுக்குற வேலை" என்று ஒரே வரியில் என் உத்தியோகத்தை முடித்துவிட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாமனாருக்கு சாந்தன்பாறையில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். வரைபடத்தில் அது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஆனால் அந்த மலையின் பாதி வாழ்க்கை கீழே போடிநாயக்கனூரில் இருக்கிறது. தோட்ட வேலைக்கு ஆட்கள் தேனி மாவட்டத்திலிருந்து காலையில் ஜீப்பில் ஏறி வந்து மாலையில் இறங்குகிறார்கள். மாமனாரின் குடும்பமும் போடியிலிருந்து ஏறியதுதான். கணக்கை மலையாளத்தில் போடுவார், கோபத்தைத் தமிழில் காட்டுவார். எனக்குக் கிடைத்ததெல்லாம் தமிழ்.

கல்யாணம் முடிந்து முதல்முறை போனபோதே என் மானம் போயிற்று. போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன், பன்னிரண்டாவதில் மறுபடியும். பூப்பாறையில் ஜீப்போடு காத்திருந்தவர் என் சட்டையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். ஆளைவிட உயரமான செடிகள். நான் அண்ணாந்து இலைகளுக்கு நடுவே காய் தேடினேன். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும் என்பது எனக்குத் தெரியாது. மாமனார் மகளிடம் சொன்னார்: "ஏலக்காய் பாக்கணும்னா குனியணும்னு சொல்லு. பேங்க்குல அந்தப் பழக்கம் இருக்காது." நான் குனிந்தேன். ஓர் அட்டை என் காலில் ஏறிக்கொண்டது.

பறித்த பச்சைக்காய் ஐந்து கிலோவை உலர வைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அதைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் மேலே நிற்கும் காய்க்குத்தான் மதிப்பு. சலிக்கும்போதெல்லாம் மாமனார் ஒரு தடவை என்னைப் பார்ப்பார். நான் கீழே விழுந்த ரகம் என்று எனக்குப் புரியும்.

2019இல் அது நிரூபணமே ஆகிவிட்டது. அந்த ஏப்ரலில் அவரிடம் 80 கிலோ காய் இருந்தது. கிலோவுக்கு 2,000 ரூபாய் கிடைத்தது. வங்கிக்காரனுக்குப் பணம் பற்றித் தெரிந்திருக்கும் என்று என் மனைவி ஆலோசனை கேட்டாள். "நல்ல விலை. இப்பவே குடுத்துடச் சொல்லு" என்றேன். மகளுக்காகக் கொடுத்துவிட்டார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடிபட்ட தோட்டங்கள் அடுத்து வந்த கோடை வறட்சியில் காய்ந்துகொண்டிருந்தன. வரத்து குறைந்து விலை ஏறப்போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது.

80ஐ 5,000ஆல் பெருக்க மலையாளம் தேவைப்படவில்லை. நான்கு லட்சம். அது உச்ச விலைதான், சராசரி அதைவிடக் குறைவு என்று மனைவி வழியாக விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒரே கதை: "பேங்க்காரன் பேச்சைக் கேட்டு நாலு லட்சம் போச்சு."

அடுத்த அறுவடையை அவர் விற்கவில்லை. 2020 ஜனவரியில் நல்ல விலை இருந்தது. கொடுத்துவிடலாமே என்று சொல்லி அனுப்பினேன். "ஒருக்கா கேட்டது போதும்னு சொல்லு" என்று பதில் வந்தது. 7,000 திரும்பி வரும் என்று காத்திருந்தார். வந்தது ஊரடங்கு. மார்ச்சில் ஏலமே நின்றது. மே கடைசியில் மறுபடி தொடங்கியபோது விலை சரிந்திருந்தது. 2021இல் சராசரி 1,000 ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது.

2020 கடைசியில்தான் எங்களால் மலை ஏற முடிந்தது. பஸ்ஸில் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஒரு வருடம் டீக்கடையில் பட்ட அவமானத்துக்கு அது ஒன்றே போதும். வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். இருப்பு வைத்த காய் நிறம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. பச்சை போனால் விலையும் போகும். அந்த மூட்டைகளை நம்பி உலர்த்தும் அடுப்புக்கு வாங்கிய கடன் நிற்பதாக மாமியார் சமையலறையில் சொன்னார். முகத்தில் இரண்டு நாள் தாடி. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அந்த வாக்கியம் எனக்கு மறந்துபோயிற்று.

நானும் தரையில் உட்கார்ந்து, குனிந்து, வெளுத்த காயைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை. இரவு ஒரு மணி வரை இரண்டு பேரும் பொறுக்கினோம். ஒரு வார்த்தை இல்லை. மூட்டை கட்டும்போது தலை நிமிராமல் சொன்னார்: "மாப்ளே, சாக்கு வாயைப் பிடிங்க."

யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. இன்றும் சாந்தன்பாறை டீக்கடையில் அந்த நான்கு லட்சக் கதை ஓடுகிறது. ஒரே ஒரு திருத்தம்: "எங்க மாப்ளே பேச்சைக் கேட்டு நாலு லட்சம் போச்சு" என்கிறார். சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுக்கிறார்.