மூப்பர் என்ற சொல்லுக்குப் பெண்பால்

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'பாஸ்டரம்மா' என்றால் போதகரின் மனைவி. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஞாயிறு பள்ளி நடத்துவார், பெண்கள் சங்கத்தைப் பார்த்துக்கொள்வார், கிறிஸ்துமஸ் அன்று கேக்கை எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி வெட்டித் தருவார். அதனால் நான் ஆயராக இந்தச் சேகரத்துக்கு வந்தபோது என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதே சபைக்குச் சிக்கலாகிவிட்டது. என்னைப் பாஸ்டரம்மா என்றால் என் கணவர் பாஸ்டராகிவிடுவார். அவரோ கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். முதல் ஆறு மாதம் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்று, "தோத்திரம்மா, ஐயா இல்லீங்களா?" என்றார்கள். "ஐயா வேலைக்குப் போயிருக்கார். ஆயர் நான்தான், உள்ள வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

செங்கல்பட்டுப் பக்கம் நான்கு சிறிய கோயில்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. பெரியதில் எழுபது குடும்பங்கள், சிறியதில் பதினொன்று. எல்லாமே ஊருக்கு வெளியே, காலனிகளில். ஞாயிறு காலை ஆறரைக்கு முதல் ஆராதனை, எட்டரைக்கு இரண்டாவது, பதினொன்றுக்கு மூன்றாவது, நான்காவது ஊருக்கு மாலையில். அங்கி, திருவிருந்துப் பாத்திரம், திராட்சை ரசக் குப்பி எல்லாம் ஸ்கூட்டியோடு வரும். வார நாட்களில் யாருக்காவது மனு எழுதித் தருவேன், அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பேன், நூறு நாள் வேலைக் கூலி ஏன் வரவில்லை என்று விசாரிப்பேன், குடித்துவிட்டு மனைவியை அடித்தவனின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன். பிரசங்கத்தைத் தயாரிப்பது சனிக்கிழமை இரவு, பாத்திரம் கழுவிய பிறகு.

இந்தச் சபைகள் ஸ்காட்லாந்து மிஷனரிகள் காலத்தவை. சென்னை எழும்பூரில் 1821இல் கட்டி முடித்த புனித அந்திரேயா கோயில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. அதே நாட்டிலிருந்து பிறகு வந்தவர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் பள்ளிகளைத் திறந்தார்கள். நிலமில்லாத பறையர் மக்கள் அவர்களிடம் வந்தார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இம்மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அறிக்கை எழுதியதையும், அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்ததையும் படித்திருப்பீர்கள். அந்த மண்ணில்தான் எங்கள் சபைகள் வேர்விட்டன.

அந்த மிஷனரிகள் பிரஸ்பிட்டேரியன் மரபினர். அம்மரபில் சபையை ஆள்வது பிஷப் அல்ல. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள். 1908இல் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தன. 1947 செப்டம்பர் 27இல் அது ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. பேராயர் வந்தார். ஆனாலும் கமிட்டிதான் சபை என்ற பழைய எண்ணம் எங்கள் கிராமங்களில் மாறவில்லை. பண்ணையாரின் களத்தில் கைகட்டி நின்றவர்கள் தங்கள் கோயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முடிவெடுத்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை. அந்த நாற்காலிகளில் ஒன்றுகூடப் பெண்ணுக்குப் போடப்படவில்லை என்பதும் சின்ன விஷயமில்லை.

'பிரஸ்பிட்டர்' என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். மூத்தவர் என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் மூப்பர். அதன் பெண்பால் வடிவமும் வேதாகமத்தில் இருக்கிறது, 1 தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில். அங்கே அது வயதான பெண்களை மட்டும் குறிக்கிறது. அதே அதிகாரத்தில் ஆண்பால் சொல் ஓரிடத்தில் வயதையும் இன்னோரிடத்தில் பதவியையும் குறிக்கிறது. ஆணுக்கு வயது ஏறினால் பதவி. பெண்ணுக்கு ஏறினால் வயது மட்டும்தான். தமிழ் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. மூத்த ஆண் மூப்பர் ஆனான். மூத்த தேவி மூதேவி ஆனாள். ஒன்று மரியாதைச் சொல், மற்றது விடியற்காலையில் வாசலில் நின்று மருமகளைத் திட்டும் சொல்.

ஸ்காட்லாந்து சபை பெண்களை மூப்பர்களாக ஏற்றது 1966இல்; ஆயர்களாக, 1968இல். சி.எஸ்.ஐ.யில் முதல் பெண் 1976இல் குருப்பட்டம் பெற்றார். 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயரானார். இவற்றைப் பெண்கள் சங்கத்தில் சொன்னபோது வயலில் நாற்று நட்டுவிட்டு வந்திருந்த ஓர் அக்கா கேட்டார்: "அதெல்லாம் சரிங்கம்மா. நம்ம கமிட்டில எப்ப?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் சந்தா ரசீதுப் புத்தகம் கண்ணில் பட்டது. சந்தா கட்டியவரே கமிட்டித் தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போடலாம். சந்தா குடும்பத்துக்கு ஒன்று. ரசீது குடும்பத் தலைவர் பெயரில். ஆனால் மாதாமாதம் பணம் கொண்டுவந்து தருவது பெண்கள். கூலிப் பணத்திலிருந்தோ, பால் விற்ற காசிலிருந்தோ, முந்தானையில் முடிந்துவைத்த ஐம்பது ரூபாயை அவிழ்த்துத் தருவார்கள். கணவன் பெயர் எழுதிய ரசீதை வாங்கி மடித்துக்கொண்டு போவார்கள். கோயிலைப் பெருக்குவதும், பீடத் துணி துவைப்பதும், அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய் சுமந்து வருவதும் அவர்கள்தான். ஏலத்தில் அதே பூசணிக்காய்க்கு விலை கூறுவது மட்டும் ஆண்கள்.

நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். பணத்தை யார் கையில் கொடுக்கிறார்களோ அவர் பெயரை ரசீதில் எழுதச் சொன்னேன்.

கமிட்டியில் சத்தம் கிளம்பியது. "குடும்பத்தைப் பிரிக்கிறீங்கம்மா" என்றார் ஒரு பெரியவர். "ரசீதுல பேர் எழுதினா பிரியற குடும்பம் எப்படிங்கையா இத்தனை நாள் ஒண்ணா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்களிடமிருந்தும் தயக்கம் வந்தது, வேறு காரணத்தால். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. அதனால் பல வீடுகளில் கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். "என் பேர்ல ரசீது வேணாம்மா, புள்ளைங்க சர்ட்டிபிகேட்டுக்கு வம்பு வரும்" என்று ஒரு தாய் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. பெண்ணுக்குப் பெயர் வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. அந்தப் பெயர் எந்தத் தாளில் ஏறினால் அவள் பிள்ளைக்கு எது பறிபோகும் என்பதையும் சேர்த்துத்தான் அவள் கணக்குப் போடுகிறாள். அவர்களை நான் வற்புறுத்தவில்லை.

முப்பத்திரண்டு பெண்கள் தங்கள் பெயரில் ரசீது வாங்கினார்கள். அடுத்த தேர்தலில் மூன்று பேர் நின்றார்கள், இரண்டு பேர் ஜெயித்தார்கள். அதில் ஒருவர் கணவனை இழந்தவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். முதல் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கூட்டத்தில் சுற்றுச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவு படிக்கப்பட்டபோது எழுந்தார். "செவுத்துக்குக் கலரு அப்புறம் அடிக்கலாம். மொதல்ல கக்கூஸ் கட்டுங்க. ரெண்டு மணி நேரம் ஆராதனைல பொம்பளைங்க எங்க போறது?" என்றார். அந்தக் கோயில் கட்டி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியது அன்றுதான் முதல்முறை. கழிப்பறை கட்டப்பட்டது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. மாதவிலக்கு நாட்களில் பீடத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பாட்டி என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த மூணு நாளும் நீ அப்பம் பிட்டுத் தருவியாம்மா?" தருவேன் என்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார். அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறு வந்தார். ஏன் வரவில்லை, ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. ஒரு வீட்டில் இன்றைக்கும் கல்யாணத்துக்குப் பக்கத்துச் சேகரத்து ஆண் ஆயரைத்தான் அழைக்கிறார்கள். சாவுக்கு மட்டும் என்னிடம் வருகிறார்கள். சாவு அவசரம், கல்யாணம் கௌரவம்.

ஆனால் சாவிலும் ஒன்று மாறியிருக்கிறது. எங்கள் ஊர்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். கல்லறைக்குப் போவது ஆண்கள்தான். நான் அங்கியோடு பிணத்துக்கு முன்னால் நடக்கையில் யாரும் என்னை நிறுத்த முடியாது, அது என் வேலை. எனக்குப் பின்னால் முதலில் இறந்தவரின் மகள் ஒருத்தி வந்தாள். அப்புறம் அவள் தங்கை. இப்போது குழியில் மண் போடும் கைகளில் வளையல் போட்ட கைகளும் இருக்கின்றன.

மூப்பர் என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெண்பால் இன்னும் கிடைக்கவில்லை. சபையார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கழிப்பறை கேட்ட அந்த அம்மாவை இப்போது சிறுவர்கள் 'கமிட்டி ஆயா' என்று கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கிறார்.