இருமச் சொல்லிப் பார்க்கும் அறை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து தில்லைநகருக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சாஸ்திரி ரோட்டில் இறங்கினால் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் டாக்டர் போர்டு, ஸ்கேன் சென்டர், மருந்துக் கடை. பிரசவமான பெண்களுக்கு இடுப்படித் தசைகளுக்காகத் தரும் பிசியோதெரபியை நேரில் பார்க்க, அங்கே ஒரு கிளினிக்கில் அனுமதி கேட்டிருந்தேன்.

வாசல் போர்டில் முதுகுவலி, கழுத்துவலி, பக்கவாதம், மூட்டுத் தேய்மானம் எல்லாம் இருந்தன. நான் பார்க்க வந்தது மட்டும் இல்லை. கண்ணாடிக் கதவில் ஒட்டிய ஒரு தாளில், கீழ்வரியில், ‘மகளிர் நலப் பயிற்சி – செவ்வாய், வெள்ளி’ என்று பொடி எழுத்து. மேசையில் இருந்த பெண், “வயிறு குறைக்கிறதுக்குத்தானே?” என்றார். இல்லை, சிறுநீர் கசிவுக்கு என்றேன். குரலைத் தாழ்த்தி, “கடைசி ரூம்” என்று கையைக் காட்டினார். முதல் பரிசோதனை 600 ரூபாய், அடுத்தடுத்து வந்தால் 400 என்று விலைப்பட்டியல் சொன்னது.

கடைசி அறைக்குப் போக முன்கூடத்தைக் கடக்க வேண்டும். மெழுகு உருகும் வாசனை. முழங்காலில் மின்பட்டை ஒட்டிக்கொண்டு பேப்பர் படிக்கும் பெரியவர். கூரையில் தொங்கும் கயிறும் கப்பியும். தோள் பிடித்தவர்கள் எல்லார் முன்னாலும் கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி அறைக்குக் கதவு உண்டு, அதற்குள்ளே ஒரு திரையும் உண்டு.

துறையூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மாதக் குழந்தை வெளியே மாமியார் மடியில். பெயர் எழுதாவிட்டால் இருந்து பார்க்கலாம் என்றார். சீட்டில் ‘இடுப்பு வலி’ என்றுதான் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் அம்மா அவசரப்படவில்லை. குழந்தை எத்தனை கிலோ, தையல் போட்டார்களா, மலச்சிக்கல் உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்து, “தும்மினா, இருமினா, பாப்பாவைத் தூக்கினா சிறுநீர் வந்துடுதா?” என்றார். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “வருது மேடம். பெத்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்னு அம்மா சொன்னாங்க.”

மேசைமேல் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்று. அதன் அடியில் சிவப்பு ரப்பர்த் தசை. முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். சுகப்பிரசவத்தில் குழந்தை இதை விரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கும் கர்ப்பகாலம் முழுக்கச் சுமந்த பாரம் இதன்மேல்தான் இருந்திருக்கிறது.

உள்பரிசோதனையின்போது நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சம்மதமா என்று இரண்டு தடவை கேட்டது காதில் விழுந்தது. கையுறை கழற்றும் சத்தம். பிசியோதெரபிஸ்ட் வெளியே வந்து தாளில் ‘2/5’ என்று எழுதினார். தசையின் பலத்துக்குப் போடும் மதிப்பெண்.

“நான் போன்ல வீடியோ பார்த்து தினமும் அம்பது தடவை பண்றேனே மேடம்” என்றார் அந்தப் பெண்.

“சரி, இப்பப் பண்ணிக் காட்டுங்க.”

ஒட்டும் பட்டைகள் இரண்டை ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒட்டி, ஒயரைச் சின்னத் திரையோடு இணைத்திருந்தார்கள். தசை வேலை செய்தால் திரையில் கோடு ஏற வேண்டும். அந்தப் பெண் பல்லைக் கடித்தார், மூச்சை அடக்கினார், வயிறு விறைத்தது, பிட்டம் இறுகியது, கழுத்து நரம்புகூடப் புடைத்தது. கோடு லேசாக அசைந்ததோடு சரி. தினமும் அம்பது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அத்தனை உழைப்பும் வேறு தசைகளுக்குப் போயிருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் அவர் வயிற்றில் கை வைத்தார். “இது மெத்துனு இருக்கணும். மூச்சை விடுங்க. காத்துப் போறதை அடக்குவோம்ல, அப்படிப் பின்னாலேருந்து ஆரம்பிச்சு முன்பக்கமா மேல இழுங்க.” மூன்றாவது முயற்சியில் கோடு எழுந்தது. நாலு வினாடி நின்றது, விழுந்தது. “அவ்ளோதானா? ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கே!” என்றார் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தப் பயிற்சிக்கு கீகல் என்ற பெயர் வந்தது ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவரால். 1948இல் இதைப் பற்றி எழுதினார். அவர் வெறுமனே ‘இறுக்குங்கள்’ என்று சொல்லி அனுப்பியவர் இல்லை. உள்ளே வைக்கும் ஒரு கருவியை அழுத்தமானியோடு இணைத்து, முள் நகர்வதைப் பெண்ணே பார்த்துப் பழகும்படி செய்தார். இன்று வீடியோக்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அவர் பெயர் இருக்கிறது, முள் இல்லை.

நாலு வினாடிதான் தாக்குப்பிடிக்கிறது என்பதால் வீட்டுப்பாடமும் நாலு வினாடிதான். இழு, பிடி, முழுசாக விடு. ஒரு வேளைக்கு எட்டு, நாளைக்கு மூன்று வேளை. பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல் கசிவு உள்ளவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சமும் இதுவே: எட்டு, மூன்று வேளை, மேற்பார்வையோடு மூன்று மாதமாவது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் தனியாகச் சொன்னார். இருமலோ தும்மலோ வருவதற்கு அரை நொடி முன்னால் தசையை இழுத்துக்கொள்ளவும் பழக்கினார். அந்தப் பெண் இழுத்துக்கொண்டு இருமினார், கோடு முதலில் ஏறி, பிறகுதான் இருமல் சத்தம் வந்தது.

வயிற்றைப் பார்க்கும்போது மாமியாரும் உள்ளே வந்துவிட்டார். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்தார்கள். வயிற்றுத் தசைகளுக்கு நடுவில் இரண்டரை விரல் பள்ளம். “நாப்பது நாளு வேட்டித் துணியை இறுக்கிக் கட்டினேனே கண்ணு” என்றார் மாமியார், யாரோ குற்றம் சொன்னதுபோல. “கட்டினது முதுகுக்குத் தாங்கலா இருந்திருக்கும்மா. ஆனா துணி தசைக்காக வேலை செய்யாது. இறுக்கி அழுத்தினா பாரம் கீழதானே போகும்?” மாமியார் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, “அடுத்த வெள்ளிக்கிழமை நானே கூட்டியாறேன்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் எதிர் மருந்துக் கடையில் வயிற்று பெல்ட் விலை கேட்டேன். 750. “மூணு மாசம் போட்டா எல்லாம் உள்ள போயிடும்” என்றார் கடைக்காரர். கடையின் முகப்பிலேயே ஏழெட்டு தொங்கின. எதிர் கிளினிக்கின் பொடி எழுத்தை ரோட்டிலிருந்து படிக்க முடியவில்லை.

முதல் பரிசோதனையும் ஐந்து வருகையும் சேர்ந்தால் 2,600 ரூபாய். பஸ் செலவும் ஒரு நாள் பொழுதும் தனி. பிரான்சில் பிள்ளை பெற்றவர்களுக்கு மருத்துவர் இந்தப் பயிற்சியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார், சமூகக் காப்பீடு செலவை ஏற்கிறது. நமக்கும் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீடு தேடிப் போகிறார்கள். ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் தாயிடம், இருமினால் கசிகிறதா என்று செவிலியர் ஒரு கேள்வி கேட்கட்டும். ஆம் என்பவரின் முகவரியை அந்தப் பிசியோதெரபிஸ்ட்டின் பட்டியலில் சேர்க்கட்டும். அதற்குப் புதிய கட்டடமோ பெரிய கருவியோ தேவையில்லை. கையுறையும், கதவு சாத்தும் ஓர் அறையும், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும் போதும்.