நள்ளிரவு மணிக்குப் பின்

பகலில் சான் மார்க்கோ சதுக்கத்தைக் கடக்க வெனிஸ்காரர்கள் விரும்புவதில்லை. அவசர வேலையாக இருந்தாலும் பின்பக்கச் சந்துகளில் நுழைந்து, சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். காரணம், கூட்டம். சுற்றுலா வழிகாட்டி ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார். அவர் பின்னால் ஒரு கும்பல். அடுத்து இன்னொரு கொடி, இன்னொரு கும்பல். தோள் இடிபடாமல் பத்தடி நடக்க முடியாது.

இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் கதையே வேறு.

சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறார் ஒரு பெண்மணி. வயது அறுபதை நெருங்குகிறது. பாத்திரங்களைக் கழுவி அடுக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு அவர் வெளியே வரும்போது நள்ளிரவாகிவிடும். படகுத்துறைக்கு நேராகப் போனால் ஐந்தே நிமிடம். அவர் நேராகப் போவதில்லை. சதுக்கத்துக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் போவார். பல வருடப் பழக்கம்.

வெனிஸில் சின்னதும் பெரியதுமாக நிறைய சதுக்கங்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஊர்க்காரர்கள் ‘காம்போ’ என்பார்கள். வயல் என்று பொருள். ‘பியாட்சா’ என்ற பட்டம் சான் மார்க்கோவுக்கு மட்டும்தான். அந்த நேரத்தில் அங்கே இசைக் குழுக்கள் வாத்தியங்களை மூடிவைத்துவிட்டிருக்கும். 1720 முதல் நடக்கும் ‘ஃப்ளோரியான்’ காபிக் கடையின் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் கருங்கல் தரையும், அதன் நடுவே ஓடும் வெள்ளைக் கல் கோடுகளும் துலக்கிய பாத்திரம் மாதிரி மின்னும். தன் செருப்புச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டபடி அவர் நடப்பார்.

சில நாள்களில் வேலை சீக்கிரம் முடிந்தால், நள்ளிரவு மணி அடிப்பதையும் கேட்கலாம். மணிக்கூண்டின் ஐந்து மணிகளில் பெரியது அது. பெயர் ‘மராங்கோனா’. ‘மராங்கோன்’ என்றால் தச்சர். கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்களுக்கு வேலை தொடங்குவதையும் முடிவதையும் ஒரு காலத்தில் இந்த மணிதான் சொன்னது. வேலை முடிந்து நிற்கும் ஒருத்தியின் காதில் அது இன்றும் சரியாகத்தான் ஒலிக்கிறது.

அந்த மணிக்கு ஒரு கதை உண்டு. 1902 ஜூலை 14-ஆம் தேதி காலையில் மணிக்கூண்டு அப்படியே சரிந்து செங்கல் குவியலாகிவிட்டது. மனிதர் யாரும் சாகவில்லை. காவலாளியின் பூனை ஒன்றுதான் போனது என்று சொல்வார்கள். நான்கு மணிகள் நொறுங்கின. மராங்கோனா மட்டும் பிழைத்தது. ‘எங்கே இருந்ததோ அங்கேயே, எப்படி இருந்ததோ அப்படியே’ கட்டுவோம் என்று ஊர் முடிவெடுத்தது. பத்து வருடத்தில், 1912 ஏப்ரல் 25 அன்று, அதே இடத்தில் அதே தோற்றத்தில் கூண்டு மறுபடி நின்றது.

செங்கல்லை அப்படித் திரும்ப அடுக்கிவிடலாம். மனிதர்களை?

1951-இல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. போனவர்களில் இந்தப் பெண்மணியும் ஒருவர்.

பிறந்தது நகரத்தின் கிழக்குப் பகுதியான காஸ்டெல்லோவில், ஒரு தரைத்தள வீட்டில். 1966 நவம்பர் 4-ஆம் தேதி கடல் 194 சென்டிமீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்தபோது அவர் கைக்குழந்தை. அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி ஓட, மேல்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்களாம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு தரைத்தள வீடுகளை விட்டுப் பலர் போனார்கள். இவர் குடும்பம் எப்படியோ தாக்குப்பிடித்தது. இவருக்குக் கல்யாணமாகி வீடு தேடியபோதுதான் வாடகை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பாலத்தைத் தாண்டி, பெருநிலத்தில் இருக்கும் மெஸ்ட்ரேவுக்குக் குடிபோனார்.

இப்போது கடலுக்குக் கதவு போட்டாயிற்று. ‘மோசே’ என்ற அந்த இரும்புத் தடுப்புகள் 2020 அக்டோபரில் முதன்முதலாக எழுந்து வெள்ளத்தை வெளியிலேயே நிறுத்தின. ஊரைவிட்டுப் போகிறவர்களை நிறுத்த அப்படி ஒரு கதவை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சதுக்கத்தின் இந்த அமைதி அவருக்குப் பிடிக்கும். அதுவே அவரை உறுத்தவும் செய்யும். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதே வழியாக இரவில் வீடு திரும்பிய நாள்கள் உண்டு. அப்போதும் சதுக்கம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால், பின்னாலுள்ள சந்தில் நுழைந்தால் ஏதாவது ஒரு வீட்டில் ரேடியோ பாடும். எங்கோ தட்டு கழுவும் சத்தம். ஒரு குழந்தை அழும். ஜன்னலிலிருந்து யாராவது, ‘என்ன, இவ்வளவு நேரம் கழித்து?’ என்று அப்பாவைக் கேட்பார்கள்.

இன்று அதே சந்தில் ஜன்னல்கள் அடைத்துக் கிடக்கின்றன. வாசல் கம்பிகளில் எண் பூட்டு போட்ட சின்னச் சாவிப்பெட்டிகள் தொங்குகின்றன. யாரையும் பார்க்காமலேயே சாவியை எடுத்து, இரண்டு இரவு தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கானவை அவை. விளக்கு எரிகிற ஜன்னலைக் கண்டால், இது வீடா, விடுதியா என்று நின்று பார்ப்பார். ஊர் தூங்குவதால் வரும் அமைதி ஒன்று. ஊரில் ஆள் இல்லாததால் வரும் அமைதி இன்னொன்று. பகல் கூச்சலில் இந்த வித்தியாசம் தெரியாது. இரவில்தான் கேட்கும்.

வந்தவர்களைத் திட்டவும் அவருக்கு மனம் வராது. அவர்கள் சாப்பிட்ட தட்டிலிருந்துதான் அவர் சம்பளம் வருகிறது. 2024 முதல், சில நாள்களில், ஒரு நாள் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நகரம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மெஸ்ட்ரேவும் வெனிஸ் மாநகராட்சிக்குள்தான் இருப்பதால் அவர் கட்ட வேண்டியதில்லை. பிறந்த ஊருக்குள் நுழைய விலக்கு கிடைத்திருப்பதை நினைத்து மகிழ்வதா, வருந்துவதா என்று அவருக்குப் புரியவில்லை.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு, பேரனை அழைத்து வந்திருந்தார். ஏழு வயது. காலிச் சதுக்கத்தைப் பார்த்ததும் பையன் கையை உதறிவிட்டு ஓடினான். கத்தினான், எதிரொலி கேட்டுச் சிரித்தான். பிறகு கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு பெரிய தூண்களுக்கு நடுவே ஓடப் பார்த்தான். பாட்டி பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அங்கே நடுவுல போகக் கூடாது!”

“ஏன் பாட்டி?”

பழைய குடியரசின் காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றிய இடம் அது. தண்டனை பெற்றவர் கடைசியாகப் பார்ப்பது எதிரேயுள்ள கடிகாரக் கோபுரத்தைத்தான். ‘மணி என்ன என்று உனக்குக் காட்டுகிறேன் பார்’ என்பது இன்றும் வெனிஸ் பேச்சில் ஒரு மிரட்டல். இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

“என்னை எங்கம்மா விடமாட்டாங்க. நானும் உன்னை விடமாட்டேன்” என்றார்.

மெஸ்ட்ரேவில் வளரும் பையனுக்கு இந்தச் சாத்திரம் எதற்கு என்று அவருக்கே தெரியாது. படகு வரும் நேரமாகிவிட்டிருந்தது. இருவரும் தூணைச் சுற்றிக்கொண்டு துறைக்கு நடந்தார்கள்.