மகன் கேட்ட புலிமுகச் சிலந்தி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இஷா தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். தரம் ஏழு படிக்கும் மகன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

"வாப்பா, எனக்கு ஒரு சிலந்தி வளர்க்க ஏலுமா? மரத்தில இருக்கிற பெரிய சாதி."

உம்மும்மா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டார். "யா அல்லாஹ்! பூனை இல்லையா, மீன் இல்லையா? இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்த?"

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உடனே 'ஏலாது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வகுப்பில் பிள்ளைகளிடம் "கேள்வி கேளுங்கள்" என்று தினமும் சொல்கிறோம். வீட்டில் கேள்வி வந்தால் வாயை மூடச் சொல்வது சரியில்லை. அதனால் ஓர் உடன்படிக்கை செய்தோம். மூன்று கிழமை தேடிப் படிப்பது. எந்தச் சிலந்தி, எங்கிருந்து வருகிறது, என்ன சாப்பிடும், எவ்வளவு காலம் வாழும் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவது. அதற்குப் பிறகு முடிவெடுப்பது. மகன் எழுத, நாங்களும் பக்கத்தில் இருந்து படித்தோம்.

வெளிநாடுகளில் மரச்சிலந்தி வளர்ப்பவர்கள் முதலில் தெரிவு செய்வது 'பிங்க் டோ' என்கிற தென் அமெரிக்கச் சிலந்தியைத்தான். உடம்பு கறுப்பு. எட்டுக் கால்களின் நுனியும் மருதாணி வைத்த விரல் மாதிரி இளஞ்சிவப்பு. சாதுவானது, விஷமும் குறைவு. பயந்தால் பாயும், சிலவேளை எச்சத்தைப் பீச்சி அடிக்கும். அந்த இடத்தில் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பெட்டியும் சாதாரணப் பெட்டி இல்லை. தரையில் வளை தோண்டும் சிலந்திக்கு அகலமான பெட்டி வேண்டும். மரத்தில் வாழ்வதற்கு உயரமான பெட்டி வேண்டும். உள்ளே மரப்பட்டை ஒன்றை நிமிர்த்தி வைத்தால் அதன் பின்னால் பட்டுநூலால் கூடு கட்டிக்கொள்ளும். காற்று குறுக்கே ஓட வேண்டும். மழைக்காட்டுப் பிராணிதானே என்று பெட்டியை ஈரமாக்கி இறுக்கி மூடி வைத்ததால்தான் ஆரம்ப காலத்தில் பலருடைய பிங்க் டோ செத்திருக்கிறது. சாப்பாட்டுக்கு வெட்டுக்கிளி, கரப்பான், சில்வண்டு. தோல் கழற்றும் காலத்தில் கிழமைக்கணக்கில் ஒன்றுமே சாப்பிடாது. அப்போது தொந்தரவு செய்யக் கூடாது. கையில் எடுத்து விளையாடுவதும் கூடாது. கையிலிருந்து தவறி விழுந்தால் வயிறு வெடித்துவிடும்.

கொப்பியில் இதெல்லாம் எழுதி முடிந்ததும் மகனே கேட்டான், "கையில எடுக்க ஏலாட்டி என்னத்துக்கு வளர்க்கிற?"

நல்ல கேள்வி. நாங்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னோம். தென் அமெரிக்காவிலிருந்து ஒரு உயிரை அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவர முடியாது என்பதால் பிங்க் டோ கதை அதோடு முடிந்தது.

"அப்ப எங்கட நாட்டுச் சாதி?" என்றான்.

அந்தப் பக்கத்தைப் படிக்கப் படிக்க எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாம் 'புலிமுகச் சிலந்தி' என்று சொல்வதும், சிங்களத்தில் 'திவி மகுளுவா' என்று சொல்வதும் பொசிலோதீரியா என்ற இனம். இந்த இனம் முழு உலகத்திலும் இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டும்தான் இருக்கிறது. ஆந்திராவின் கூட்டி என்ற ஊரின் பெயரால் அறியப்படும் நீலநிறச் சிலந்தியும் இதே குடும்பம்தான். ராமேஸ்வரத்தில் கண்டுபிடித்து, அங்குள்ள கோயில் பெயரை வைத்த ஒரு வகை நம் மன்னாரிலும் இருக்கிறது. கடல் நடுவில் இருந்தும் இரண்டு கரையிலும் ஒரே சிலந்தி.

சில வகைகள் இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லை. மலைநாட்டுக்கு ஒன்று, தென்மேற்கு ஈர வலயத்துக்கு ஒன்று, நம் பக்கம் போன்ற வறண்ட பிரதேசங்களுக்கு வேறொன்று. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இவற்றைப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்கள். இங்கே நம் கையில் கிடைப்பது விளக்குமாறு அடி.

2012இல் வடக்கில் புதிய வகை ஒன்றைப் பற்றி விஞ்ஞானக் கட்டுரை வந்தது. கால் விரித்தால் சுமார் 20 சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு. கதை தொடங்கியது 2009இல். ஊர் ஆட்கள் அடித்துக் கொன்ற ஒரு ஆண் சிலந்தியை ஆராய்ச்சியாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் உயிருள்ளவற்றைத் தேடிப் போனபோது பழைய மரங்களில் கிடைத்தது. மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டொக்டர் குவாட்டர்ஸிலும் கிடைத்தது. காட்டுக்குள் கூட வந்து உதவிய பொலிஸ் உத்தியோகத்தர் மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் நினைவாக அதற்கு 'ராஜெய்' என்று பெயர் வைத்தார்கள். யுத்தம் முடிந்த கையோடு, மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மண்ணில் பெயரில்லாமல் ஒரு உயிர் இருந்திருக்கிறது. முதலில் கண்டவர்கள் அடித்துத்தான் கண்டார்கள்.

அதைப் படித்தபோது எங்கள் வீட்டு நினைவு ஒன்று வந்தது. மகனுக்கு அதுவரை தெரியாது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மழை இரவில் குளியலறைச் சுவரில் ஒன்று இருந்தது. உம்மும்மா கத்த, நாங்கள் செருப்பால் அடித்தோம். ஒரு அடியில் சாகவில்லை. மூன்று நான்கு அடி. காலைத் தூக்கி, கீழ்ப்பக்க மஞ்சளைக் காட்டியது. அப்போது அது நம்மைத் தாக்க வருகிறது என்று நினைத்தோம். இப்போதுதான் தெரிகிறது, அது 'கிட்ட வராதே' என்று சொல்லும் விதம். வீட்டுக்குள் அலைந்து வருவது பெரும்பாலும் வயதுக்கு வந்த ஆண் சிலந்திகள். மெலிந்த உடம்பு, நீண்ட கால். பெண் பத்து வருடத்துக்கும் மேல் வாழும். ஆண் பருவம் வந்த பிறகு கொஞ்சக் காலம்தான். அந்தக் கொஞ்சக் காலத்தில் துணை தேடி நடக்கிறது. அன்றைக்கு நம் குளியலறைக்கு வந்தது அப்படி வந்ததுதான்.

இதை மகனிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பிள்ளைக்குக் கடிச்சிடும் எண்டு பயந்தீங்களா?" என்று கேட்டான். "ஓம்" என்றோம். அது பொய் இல்லை.

கடிக்காது என்று யாருக்கும் சொல்லவும் வரவில்லை. இந்தச் சிலந்தியின் கடி கடுமையானது. நல்ல வலி, வீக்கம். சிலருக்குத் தசைப் பிடிப்பு நாட்கணக்கில் நீடிக்கும். மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. ஆனாலும் கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சுண்ணாம்பு பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். வெளிநாட்டில் வளர்ப்பவர்களும் இதைப் புதியவர்களுக்குத் தெரிவு செய்யச் சொல்வதில்லை. மின்னல் மாதிரி ஓடும், விஷமும் கூட.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம்.

மகன் சிலந்தி தேடுவதைக் கேள்விப்பட்டு, எங்களிடம் படிக்கும் தரம் பத்து மாணவன் ஒருவன் தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். தோட்டத்தில் எடுத்த புலிமுகச் சிலந்திப் படம் ஒன்றைப் போட்டிருக்கிறான். முன்பின் தெரியாத ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். உயிரோடு பிடித்துத் தந்தால் காசு. பெண் சிலந்தி என்றால் கூடுதல் காசு. சொன்ன தொகை அந்தப் பிள்ளையின் வாப்பாவின் ஒரு நாள் கூலியை விட அதிகம்.

"சேர், இது பாவமா? சிலந்திதானே?" என்று கேட்டான். அவன் வீட்டு நிலை எங்களுக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை.

பாவத்துக்கு முன்னால் சட்டத்தைச் சொன்னோம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி இவற்றை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. 2018இல் அமெரிக்கா நம் நாட்டின் ஐந்து வகைகளை அழிவாபத்தில் உள்ளவை என்று தன் சட்டத்தில் சேர்த்தது. 2019இல் இந்த முழு இனமும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் சேர்ந்தது. அந்த மாநாடு மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. ஏப்ரலில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். மாநாடு ஓகஸ்டில் ஜெனீவாவுக்குப் போனது. பெயரைக் கேட்டதுமே பார்வை மாறுவது என்றால் என்ன என்று அந்த வருடத்துக்குப் பிறகு நம் ஊருக்கு யாரும் படிப்பித்துத் தரத் தேவையில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பிடித்துக் கேட்கும் அந்த ஆள் மாட்ட மாட்டான். விமான நிலையத்தில் பெட்டி பிடிபட்டால், பிடித்துக் கொடுத்த பிள்ளையின் பெயர்தான் வரும். இதை அந்த மாணவனுக்கும் அவனுடைய உம்மாவுக்கும் நேரில் போய்ச் சொன்னோம். அவன் அந்த எண்ணைத் தடுத்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ்.

இனி மார்க்கம். பிராணி வளர்ப்பது கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. குருவி வைத்து விளையாடிய சிறுவன் அபூ உமைரிடம், அந்தக் குருவிக்கு என்னவாயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை எல்லோரும் கேட்டிருக்கிறோம். பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸையும் கேட்டிருக்கிறோம். வளர்ப்பதென்றால் அது அமானத். குர்ஆனில் ஒரு சூராவின் பெயரே அல்அன்கபூத், சிலந்தி. குகை வாசலில் வலை கட்டிய சிலந்தியின் கதையைச் சொல்லித் தந்த உம்மும்மாதான் செருப்பை எடுத்துத் தந்தவரும். அவரைக் குறை சொல்லவில்லை, அடித்தது எங்கள் கை.

மூன்று கிழமை முடிந்தது. மகன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தான்: "பெட்டி வேண்டாம். மாமரத்தை வெட்ட வேண்டாம்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டின் பின்னால் இருக்கும் பழைய மாமரத்தை நோன்புக்குப் பிறகு வெட்டுவதாக மரக்காரரிடம் பேசியிருந்தோம். அந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு அறை கட்டுவது திட்டம். இந்தச் சிலந்திகளுக்கு வேண்டியது பொந்து விழுந்த முதிய மரம்தான். பட்டைக்குள் நுழைவதற்குத் தோதாகத்தான் அவற்றின் உடம்பே தட்டையாக இருக்கிறது. புதிதாக நட்ட மரத்தில் பொந்து விழ எத்தனையோ வருடம் வேண்டும். மரம் போனால் அது எங்கே போகும்? நம் குளியலறைக்குத்தான் வரும்.

அன்றிரவு டோர்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனோம். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பொந்து வாயில் நான்கு கால்கள் தெரிந்தன. சாம்பலும் கறுப்புமாகக் கோடு போட்ட கால்கள். அசையவில்லை. ஒரு அந்துப்பூச்சி கிட்ட வந்ததும் கண் மூடித் திறப்பதற்குள் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. "மாஷா அல்லாஹ்" என்றது மகன் இல்லை, பின்னால் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற உம்மும்மா. கிட்டப் போக மட்டும் கடைசி வரை மறுத்துவிட்டார்.

மரக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் சிரித்தார், கொஞ்சம் கோபமும் பட்டார். அறை இப்போதைக்கு இல்லை. முன் விறாந்தையில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மழைச் சாரல் அடிக்கிறது. பிள்ளைகள் சமாளிக்கிறார்கள். சரியான முடிவா என்று எங்களுக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது.

உறவுகளே, மூன்று விஷயம் மட்டும் கேட்கிறோம்.

வீட்டுக்குள் புலிமுகச் சிலந்தி வந்தால் கையால் தொடாதீர்கள். வாய் அகன்ற போத்தல் ஒன்றால் மூடி, கீழால் கனமான மட்டை ஒன்றைத் தள்ளி, பழைய மரம் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் கதவைத் திறந்துவிட்டு, தைரியமான ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அதன் படத்தை இடத்தின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள்.

பிள்ளைகளிடம் யாராவது விலை பேசினால் அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். என்ன செய்தி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று உட்கார வைத்துக் கேளுங்கள்.

மகன் இப்போது கொப்பியில் திகதி போட்டு எழுதுகிறான். நேற்று: "வெளியே வரவில்லை. மழை." உங்கள் துஆக்களில் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விறாந்தைக்குச் சாரல் தட்டி அடிக்க வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.