ஒரு கிருமியின் துருவேறிய கருவிகள்

வட்டக்கச்சியிலே பழைய குடியேற்றக் காணிகள் சிலவற்றின் கோடிப்புறத்தை எட்டிப் பார்ப்போர், போரும் இடப்பெயர்வும் விட்டுவைத்த சில பொருள்களைக் காண்பர். கொழுக் கழன்ற மரக்கலப்பை, வாய் பிளந்த உரல், துருப்பிடித்த அரிவாள் என அவை கிடக்கும். உழவு இயந்திரமும் அரைக்கும் ஆலையும் வந்தபின் அவற்றைத் தேடுவார் இல்லை. கலப்பையைக் கறையான் அரித்துவிட்டால் அவ்வீட்டார் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆகவே கறையானும் தடையின்றி அரிக்கின்றது. உலகம் மிக அஞ்சிய கிருமிகளுள் ஒன்றின் வரலாற்றை இதைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்று நாம் கூறினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

நாம் கூறவந்தது தொழுநோய்க் கிருமியைப் பற்றி. பெருவியாதி என்றும் குட்டம் என்றும் நம் பெரியோர் குரலைத் தாழ்த்திச் சொன்ன நோய் அது. 1873ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார். கண்டாரேயன்றி வளர்க்க இயலவில்லை. வேறு கிருமிகள் பல ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலே ஓரிரவிற் கோடிக்கணக்காகப் பெருகுகின்றன. இதுவோ, எவ்வகை உணவை ஊட்டினும் தட்டிலே பெருக இன்றுவரை மறுக்கின்றது. உடலினுள்ளும் ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும். ஏன் இந்த மந்தம்?

விடை 2001ஆம் ஆண்டிலே வெளிவந்தது. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற கிருமியை, நம் காட்டு அழுங்கைப் போல ஓடு போர்த்த ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலிலே பெருக்கி, பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்தாரும் அதன் பரம்பரை ஏட்டை முற்றாக வாசித்து முடித்தனர். டி.என்.ஏ. என்னும் இழையிலே நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு அது. அக்கிருமி வகைக்கு அறிஞர் இட்ட பெயர் ரி.என். என்பதாகும், தமிழ்நாடு என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள். பெருமைப்படத்தக்க புகழன்று, எனினும் அறிவியல் ஏடுகளில் நம்மவர் நாட்டின் பெயர் இவ்வாறும் நிலைத்துவிட்டது.

அதிலே ஏறக்குறைய 32 இலட்சத்து 68 ஆயிரம் எழுத்துக்கள். நெருங்கிய உறவான காசநோய்க் கிருமியின் ஏட்டிலோ 44 இலட்சம் எழுத்துக்களும், பரம்பரையலகு என்றும் மரபணு என்றும் நாம் வழங்கும் வாசகங்கள் ஏறக்குறைய நாலாயிரமும் உள்ளன. தொழுநோய்க் கிருமியிடம் தொழிற்படும் மரபணுக்கள் 1,600 மாத்திரமே. இன்னும் 1,100க்கு மேற்பட்டவை தோற்றத்தில் மரபணு போன்றிருந்தும், இடையிலே எழுத்துச் சிதைந்து பயனற்றுக் கிடக்கின்றன. ஏட்டின் சரிபாதிக்கும் பொருளில்லை! இரும்புச் சத்தைப் பற்றியிழுக்கும் பொருளை ஆக்கும் கருவி அறவே தொலைந்துவிட்டது. உணவிலிருந்து சக்தியைப் பெறும் தொடரிலும் பெரும்பகுதி இல்லை.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? விதைநெல்லுக்கென ஒதுக்கிய வயலிலே உழவர் இறங்கி வேற்றினக் கதிரைப் பிடுங்கி எறிவதை இங்குள்ள பிள்ளைகளும் அறிவர். ஒரு போகம் பிடுங்காது விட்டாற் கலப்பு ஏறும். பல போகம் விட்டால் இனமே கெடும். உயிர்களின் ஏட்டைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழை நேர்வது இயல்பு. இன்றியமையாத மரபணுவிற் பிழை விழுந்தால் அவ்வுயிர் மடியும். பிழையும் உடன் மடியும். இயற்கை செய்யும் களையெடுப்பு அது. ஆனால் மனித உயிரணுவினுள்ளே குடிபுகுந்த கிருமிக்கு ஆக்கிய சோறு காத்திருக்கின்றது. அடுப்பு உடைந்தாலென்ன, உரல் பிளந்தாலென்ன? பிழைகள் களையப்படாமற் குவிந்தன. உடைந்ததை மீளப் பெறவும் வழியில்லை. பிற கிருமிகள் மரபணுக்களைத் தம்முட் கைமாற்றிக்கொள்ளும். மருந்தை எதிர்க்கும் வித்தையைக்கூட அவ்வாறு இரவல் பெறும். உயிரணுவுக்குள் அடைபட்ட இதற்கு அயலவர் இல்லை. 2009இல் தமிழ்நாட்டுக் கிருமியையும் பிரேசில் நாட்டுக் கிருமியையும் ஒப்பிட்டபோது, இலட்சம் எழுத்துக்கு ஐந்தெழுத்தே வேறுபட்டமை தெரியவந்தது.

எமது சிறு பிராயத்திலே வாய்க்காலோரக் கொட்டிலொன்றில் ஒரு முதியவர் தனித்திருந்தார். கைவிரல்கள் மடங்கியவர், மற்றும்படி திடகாத்திரமானவர். எமது ஆச்சி வேலிக்கு மேலாலே சோற்றை நீட்டுவார், தேநீர் சிரட்டையில். "ஐயா, உள்ளுக்கு வாருங்கோவன்" என்று எவரும் அழைக்க நாம் கேட்டதில்லை. மட்டக்களப்பு வாவி நடுவே மாந்தீவில் இத்தகையோருக்கென வைத்தியசாலை அமைந்ததும் இந்த அச்சத்தின் காலத்திலேதான். கருவிகளிற் பெரும்பாலானவற்றைத் தொலைத்து, தனித்து வாழும் வகையற்று, பெரும்பான்மையோரின் உடலிலே வேரூன்றவும் மாட்டாத ஓர் ஏழைக் கிருமிக்காக, மனிதரை ஊருக்கு வெளியே வைத்தோமே என்பதை நினைக்க எமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இதனால் அக்கிருமியை எளிதாக எண்ணிவிடலாகாது. எஞ்சிய 1,600 கருவிகளாலேயே அது நரம்பைத் தின்று, உணர்ச்சியை அழித்து, கைகாலை ஊனமாக்கும். டப்சோன் என்னும் மருந்தை மட்டும் கொடுத்துவந்த காலத்தில், 1960களிலேயே அதனை எதிர்க்கும் கிருமிகள் தோன்றின. அதற்கு மரபணுவில் ஓரெழுத்து மாறினாற் போதும். அதே கிருமியில் றிபாம்பிசின், குளோபசிமைன், டப்சோன் மூன்றையும் எதிர்க்கும் மாற்றங்கள் ஒருங்கே நேர்வது மிக அரிது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 1981இற் கூட்டு மருந்து முறையை வகுத்தது. 1983 முதல் இலங்கையிலும் வழங்கப்படுகின்றது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ தவறாது உட்கொள்ளல் வேண்டும். இடையில் நிறுத்துவது கிருமிக்கு அவகாசம் கொடுப்பதாகும்.

இந்நாட்டிலே இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்படுகின்றனர். மாணவர்களும் இதனை மனத்திலிருத்தல் வேண்டும். தோலிலே வெளிறியோ சிவந்தோ ஒரு படை தோன்றி, ஆங்கே தொட்டால் உணர்ச்சி குன்றியிருப்பின், அரசினர் வைத்தியசாலையிற் காட்டுக. மருந்து இலவசம். அதனைத் தொடங்கிய சின்னாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு அற்றுப்போகின்றது. நோயாளி தம் வீட்டிலேயே, தம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து உணவருந்தலாம்.