கைப்பேசிப் பறவையும் எங்கள் மலைக் கழுகும்

2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ திரைப்படம் வெளியானது. அதன் பிறகு ஒரு வாரம், கண்ணில் பட்ட விமர்சனங்களையெல்லாம் விடாமல் படித்தேன். பெரும்பாலானவை ஒரே தீர்ப்பில் போய் நின்றன: காட்சி பிரமாண்டம், கதை பலவீனம். இயக்குநர் ஷங்கரின் கற்பனை, வி. ஸ்ரீனிவாஸ் மோகனின் காட்சி விளைவுகள், நீரவ் ஷாவின் முப்பரிமாண ஒளிப்பதிவு, ரசூல் பூக்குட்டியின் ஒலி எல்லாவற்றுக்கும் தாராளமாக மதிப்பெண் கிடைத்தது. திரைக்கதைக்கு வந்ததும் பேனா இறுகிவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் படத்தை அப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. படத்தில் பறவைகளுக்காக உயிரை விடுகிறவர் பெயர் பட்சிராஜன். எங்கள் ஊரின் இன்னொரு பெயர் பட்சி தீர்த்தம்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே பக்தவத்சலேசுவரர் இருக்கும் தாழக்கோயில், மேலே வேதகிரீசுவரரின் மலைக்கோயில், ஊரின் நடுவே சங்குத் தீர்த்தம். மலைக்கோயிலுக்கு ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள். அந்நாட்களில் உச்சிவேளைக்குச் சற்று முன்பாகப் பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு பாறையில் வந்து உட்காருவார். இரண்டு பறவைகள் வந்து இறங்கும். அழுக்கு வெள்ளை உடல், மஞ்சள் முகம், சிறகோரத்தில் கறுப்பு. ஊரில் கழுகு என்போம். பறவை நூல்களில் அது மஞ்சள்முகப் பாறு. சாபம் பெற்ற முனிவர்கள் இருவர் காசியிலிருந்து கிளம்பி, இங்கே உண்டு, ராமேசுவரம் போகிறார்கள் என்பது கதை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவு காலமாகக் கடல் கடந்தும் ஆட்கள் வந்துபோன மலை இது.

என் பாட்டி என்னைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போவார். பறவை பாறையில் தத்தித் தத்தி நடந்து பண்டாரத்தின் கைக்கு அருகே வரும்போது, இத்தனை பேர் நிற்கும் இடத்தில் இவ்வளவு அமைதி எப்படி வருகிறது என்று வியப்பாக இருக்கும். சில நாள் ஒன்றுதான் வரும். சில நாள் இரண்டுமே வராது. அன்றைக்குக் கூட்டத்தில் பாவம் செய்தவர் யாரோ இருக்கிறார் என்பார்கள். பாட்டி அதை நம்பினார். கழுகு வராத நாட்களில் அவர் முகம் வாடி, படி இறங்கும் வரை பேசமாட்டார். 1990களின் கடைசியில் அவை வருவது அடியோடு நின்றது. அதற்கும் ஊரில் முதலில் சொல்லப்பட்ட காரணம் பாவம்தான்.

இந்த நினைவோடுதான் செங்கல்பட்டில், முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அண்ணன் மகனோடு உட்கார்ந்தேன். படம் ஒரு முதியவர் செல்போன் கோபுரத்தில் ஏறித் தூக்கிட்டுக்கொள்வதில் தொடங்குகிறது. பிறகு ஊரில் எல்லோர் கையிலிருந்தும் கைப்பேசிகள் பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. அவை ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி ஒரு ராட்சதப் பறவையாகிச் சிறகடிக்கின்றன. ஒவ்வொரு இறகும் ஒளிரும் ஒரு திரை. பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பறவைகளை விரட்டிய பொருளே பறவையின் உடலாகித் திரும்பி வருகிறது. இதை வசனத்தில் சொல்லியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும். உருவத்தில் சொன்னதால் நெஞ்சில் அறைந்தது.

இதன் முன்படமான ‘எந்திரன்’ படத்தோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2010இல் வந்த அந்தப் படத்தில் சிட்டி என்னும் ரோபோவின் நகல்கள் கூடி உருண்டையானார்கள், பாம்பானார்கள், ராட்சதனானார்கள். அதன் சிறப்புக் காட்சிகளுக்குத் தேசிய விருதும் கிடைத்தது, தகுதியான விருது. ஆனால் அங்கே உருண்டைக்குப் பதில் வேறொரு வடிவம் இருந்திருந்தாலும் கதை மாறியிருக்காது. ‘2.0’இல் பறவைக்குப் பதில் வேறொன்றை வைக்க முடியாது. கைப்பேசிப் பறவைதான் படத்தின் வாதம். பறவையியலாளர் சலீம் அலியின் சாயலில் அமைந்த பட்சிராஜனாக அக்‌ஷய் குமார், இறந்து விழும் பறவைகளைக் கையில் ஏந்தும் அந்த முன்கதை முழுக்க நான் அழுதேன். காஞ்சிபுரத்துக்காரரான நா. முத்துக்குமார் எழுதி, அவர் மறைந்த பிறகு வெளிவந்த ‘புள்ளினங்காள்’ பாட்டும் சேர்ந்து என்னைக் கரைத்துவிட்டது. படம் வந்த அன்று எங்கள் ஊரும் அவருடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 நவம்பர் 29 அன்று, செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

படம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது பையன் கேட்டான்: “சித்தப்பா, நம்ம மலைக் கழுகையும் டவர்தான் சாவடிச்சுதா?”

உடனே எதுவும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. படத்தின் விஞ்ஞானத்தைக் குறை சொன்ன விமர்சகர்கள் ஒளிவட்டம், எதிர்மறை ஆற்றல் போன்றவற்றைத்தான் குறித்திருந்தார்கள். அவை அறிபுனைவில் வரலாம், அதில் எனக்கு வழக்கில்லை. கைப்பேசிக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்பது அப்படியல்ல. அது நம் உலகத்தைப் பற்றிய கூற்று. அது மெய்யா என்று, நான் படித்த விமர்சனங்களில் யாரும் நின்று கேட்கவில்லை. கேட்டவர்கள் செல்போன் நிறுவனங்களின் சங்கத்தினர். வெளியீட்டுக்கு முன்பே தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தார்கள். வியாபார நலன் உள்ளவர்கள் கேட்டதாலேயே அந்தக் கேள்வியை மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சில வாரங்கள் கழித்து, நண்பர்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காட்சியின் ஆற்றலைப் பற்றித்தான் பேசினேன். பேசி முடித்ததும், முன்பு மலைப்படி ஓரத்தில் தேங்காய் பழக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “நீ சொல்றது நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா டவர் வர்றதுக்கு முன்னாடியே கழுகு நின்னுபோச்சே. அப்ப நம்ம ஊருல செல்போன் யாருகிட்ட இருந்துச்சு?” என்றார்.

அந்தப் படத்துக்கு நான் கேட்ட விமர்சனங்களில் சிறந்தது அதுதான். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பே 1995 ஜூலை 31 அன்றுதான் நடந்தது. எங்கள் மலைக்குப் பறவை வருவது நின்ற காலத்தில் கைப்பேசி பெருநகரத்துப் பணக்காரர்களின் பொருள். வரலாறே ஒத்துவரவில்லை.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1990களின் நடுவில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் கூட்டமாகச் சாவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்தார். வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. காரணத்தை லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் கண்டுபிடித்து 2004இல் வெளியிட்டது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான் அது. மருந்து ஏறிய மாடு இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து சாகிறது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே அவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் மஞ்சள்முகப் பாறும் வேகமாகக் குறைந்துவந்ததை 2006இல் வந்த ஆய்வு காட்டியது. துணைக்கண்டமெங்கும் பாறுகள் மறைந்த அதே பத்தாண்டில்தான் எங்கள் மலையும் வெறிச்சோடியது.

படம் கண்ணீர் சிந்தும் சிட்டுக்குருவியின் நிலையும் வேறு மாதிரி. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020ஆம் ஆண்டு அறிக்கை, பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் ஓரளவு நிலையாகவே இருப்பதாகச் சொன்னது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு படத்தின் மீது எனக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. நஷ்டத்தை அது மெய்யாக உணர்ந்திருக்கிறது. தமிழில் வேறெந்தப் பெரிய படமும் பறவைகளின் சாவை இவ்வளவு பணமும் உழைப்பும் போட்டு மையத்தில் வைக்கவில்லை. ஆனால் விமர்சனம் என்னும் வேலையைப் பற்றி என் எண்ணம் மாறியது. காட்சிக்கு ஒரு மதிப்பெண், கதைக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துப் போடுகிறவர், காட்சி என்ன சொல்கிறது என்று கேட்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார். சுமாரான காட்சி தவறான சேதி சொன்னால் மறுநாள் மறந்துபோகும். இவ்வளவு வலுவான காட்சி சொன்னால் எட்டாம் வகுப்புப் பையன் அதைத் தன் ஊர் வரலாறாக எடுத்துக்கொள்கிறான்.

காட்சி சொல்வதைச் சோதிக்கும் விமர்சனத்துக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1927இல் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படம் வந்தபோது, எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் நியூயார்க் டைம்ஸில் அதைக் கடுமையாகச் சாடினார். இயந்திரங்கள் பெருகப் பெருக மனிதர்கள் அடிமைகளாகிப் பாதாளத்தில் உழல்வார்கள் என்று படம் சொல்வது பொருளாதாரப்படி பிழை, இயந்திர உலகத்துக்கு அப்படிப்பட்ட உழைப்பு தேவைப்படாது என்பது அவர் வாதம். அந்தப் படம் பின்னாளில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றுவிட்டதால், வெல்ஸின் கட்டுரையைப் பெரிய மனிதரின் சறுக்கலாகவே குறிப்பிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வானளாவிய நகரத்தின் அழகை அவர் பார்க்கத் தவறினார், அது குறைதான். ஆனால் படம் சொன்ன கூற்றை மதித்து, அதை எதிர்கொண்டு, மெய்யா என்று சோதித்தார். நம் விமர்சகர்கள் ‘2.0’க்கு அழகைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தார்கள். சோதிக்கும் மரியாதையைக் கொடுக்கவில்லை.

அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் பிறகு சொன்னேன். “அப்ப படம் பொய்யா?” என்றான். படத்தின் துக்கம் மெய், காரணம் பிழை என்றேன். அவனுக்கு அது புரிந்தது. பாட்டி இருந்திருந்தால் அவரிடமும் ஒன்று சொல்லியிருப்பேன்: கூட்டத்தில் யாரும் பாவி இல்லை.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடுவதை இந்திய அரசு 2006இல் தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால் 2015இல் அந்தக் குப்பியின் அளவையும் குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்தறிந்த மாற்று மருந்து மெலாக்சிகம். கால்நடை மருத்துவரிடம் எளிதாகக் கிடைக்கும். செங்கல்பட்டுச் சீமையில் மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை உங்கள் மாட்டுக்கு வலியூசி போட வருகிறவரிடம், என்ன மருந்து என்று பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகம் போடச் சொல்லுங்கள்.