பார்லோன்னா பேசுறேன்

இத்தாலியன் கத்துக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு மக்களே. தூரினோ நகரத்துல ஆறு மாச ப்ராஜெக்ட். ஆபீஸ்ல இங்கிலீஷ் போதும். காய்கறிக் கடையில ஊமையா நிக்க முடியாதே!

வினைச்சொல்லப் பார்த்துதான் பாதிப் பேர் ஓடுறாங்க. ஆரே, எரே, இரேன்னு முடியுற மூணு குடும்பம், நிகழ்காலத்துல ஒவ்வொண்ணுக்கும் ஆறு வால். 'பார்லாரே'ன்னா பேசுறது. பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. அட, நம்ம பேசுறேன், பேசுறே, பேசுறான், பேசுறோம், பேசுறீங்க, பேசுறாங்க! 'நான்'னு தனியா சொல்லவே வேணாம், வாலே சொல்லிடும். இங்கிலீஷ்ல இப்படி விட முடியுமா?

இறந்தகாலத்துலதான் குசும்பு. சாப்பிட்டேன்னா 'ஓ மன்ஜாத்தோ', யார் சொன்னாலும் அதேதான். ஆனா போனேன்னு நான் சொன்னா 'சோனோ அந்தாத்தோ', தங்கமணி சொன்னா 'சோனோ அந்தாத்தா'. நம்ம 'போனேன்'ல ஆணா பெண்ணான்னு தெரியாது. பதிலுக்கு அவங்க 'பார்லா'வுல அவனா அவளான்னு தெரியாது. கணக்கு நேராயிடுச்சு!

இன்னொண்ணு. பெரியவங்களை மரியாதையா 'லேய்'னு சொல்லணும், வினை படர்க்கை ஒருமையில வரணும். எங்க திருநெல்வேலியில பெரியவங்களை 'லேய்'னா முதுகு பழுத்துடும் :-)

தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். காலேஜ்லயும் வேலையிலயும் அதை ஒரு குறையாவே சொல்லிக் கேட்டுப் பழகிட்டேன். தன்மை, முன்னிலை, படர்க்கைன்னு தமிழய்யா நடத்தின அந்தப் பாடம்தான் இப்போ இத்தாலியனுக்குக் கைகொடுக்குது. அவருக்கு ஒரு 'கிராட்சியே'. அதாவது, நன்றி ஐயா.